சும்மா இருக்கிற திரைக்கு எதுக்கு இத்தனை வேலை?

பேங்குல டெபிட், கிரெடிட் பாக்கிறவன் எலக்ட்ரானிக்ஸ் பத்தி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க. பி.காம். படிச்சவன் வீட்டுப் போன்லயும் சார்ஜ் தீரும் :-)

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ என்னோட பழைய போனை அம்மாகிட்ட கொடுத்தேன். "பாரும்மா, எவ்ளோ வழவழன்னு ஓடுது"ன்னு திரையை 120 ஹெர்ட்ஸ்ல வெச்சேன். பொத்தான் அமுக்காமலே மணி தெரியட்டும்னு, எப்பவும் கடிகாரம் எரியற மாதிரியும் செட் பண்ணேன். பாசம்!

ஜனவரியில அம்மா மதுரையிலிருந்து தனியா ரயிலேறி நாக்பூர் வந்தாங்க. சார்ஜரைப் பத்திரமா பெட்டிக்குள்ள பூட்டி சீட்டுக்கடியில தள்ளிட்டாங்க. பல்லார்ஷா தாண்டினதும் போன் அணைஞ்சு போச்சு. நாக்பூர் ஸ்டேஷன்ல நான் கோச்சுக்குள்ள ஏறிப் பார்த்தா பெர்த் காலி! யாரோ "நாக்பூர் ஆ கயா"ன்னு சொன்னதைக் கேட்டு, ஒரு ஸ்டேஷன் முன்னாடி அஜ்னியிலயே இறங்கிட்டாங்க. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. முக்கால் மணி நேரம் எனக்கு உயிரே இல்ல. சுருக்குப் பையில இருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து ஒரு டீக்காரர்தான் எனக்குப் போன் போட்டார். நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்.

"பாட்டி மேல தப்பில்லப்பா, நீங்க வெச்ச செட்டிங்தான்"னான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற என் பையன். ஓடுற ரயில்ல டவர் தேடியும் சார்ஜ் போயிருக்கும்தான். ஆனா பையன் சொன்ன கணக்கு என்னை உலுக்கிடுச்சு.

திரையில தெரியற படம் ஒரு தடவை எழுதினா அப்படியே நிக்காதாம். ஒவ்வொரு புள்ளியும் ஓட்டைக் குடம். அதுல வெச்ச மின்சாரம் கசிஞ்சுகிட்டே இருக்கும். அதனால டிரைவர் சர்க்யூட் திரும்பத் திரும்ப நிரப்பணும். அந்தப் போன் திரையில 1080 x 2400, அதாவது 25.92 லட்சம் புள்ளி. நொடிக்கு 60 தடவைன்னா 15.55 கோடி எழுத்து. 120 தடவைன்னா 31.1 கோடி. படம் அசையாம நின்னாலும் இதே வேலைதான்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2001-ல நான் சேர்ந்த கிளையில தடித்தடியா லெட்ஜர் இருந்துச்சு. பணம் போட்டா, எடுத்தா மட்டும்தான் அந்தக் கணக்குல எழுதுவோம். ஒண்ணுமே நடக்காத கணக்கையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அழிச்சு எழுதச் சொன்னா யூனியன் சும்மா விட்டிருக்குமா?

இன்ஜினியருங்களுக்கும் இது தெரியாம இல்ல. எழுதற கம்பிகளுக்கு ஏத்தற மின்னழுத்தத்தைப் பாதியாக்கினா, அதுக்கு ஆகுற மின்சாரம் கால் பங்காயிடும். டிரைவர் சிப்புக்குள்ளயே ஒரு படத்தைச் சேமிச்சு வெச்சா, மெயின் பிராசசர் தூங்கலாம். எல்லாத்தையும் விட முக்கியம், குடத்து ஓட்டையை அடைக்கிறது. கசிவு ரொம்பக் கம்மியான ஆக்சைடு டிரான்சிஸ்டர் சேர்த்துச் செஞ்ச திரை, நொடிக்கு ஒரே தடவை எழுதினாலும் தாக்குப்பிடிக்கும். 2019-ல வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 5 இப்படித்தான் நாள் பூரா மணி காட்டிச்சு. மின்தாள்ல படிக்கிற கிண்டில் மாதிரிக் கருவியில பக்கம் புரட்டும்போது மட்டும் எழுதினா போதும்.

ஒண்ணு ஒத்துக்கணும். பளிச்சுன்னு படம் ஓடும்போது வெளிச்சத்துக்குத்தான் மின்சாரம் அதிகம் போகும். டிரைவர்ல மிச்சம் பிடிக்கிறது பெருசா தெரியறது திரை சும்மா நிக்கும்போதுதான். ஆனா நம்ம போன்ல பாதி நேரம் திரை சும்மாதானே நிக்குது?

என் வருத்தமெல்லாம் கடைக்காரங்க பேச்சுலதான். "120 ஹெர்ட்ஸ் சார், 144 ஹெர்ட்ஸ் சார்"னு எவ்வளவு ஏறும்னு கூவுறாங்க. எவ்வளவு இறங்கும்னு யாரும் சொல்றதில்ல. லோன் வாங்க வர்றவர் வருமானத்தை மட்டும் சொல்லி செலவைச் சொல்லலைன்னா நான் கையெழுத்து போடுவேனா? ஃப்ரிட்ஜ் வாங்கும்போது 2006-ல வந்த நட்சத்திர முத்திரையை எண்ணித்தான் வாங்குறோம். ஐரோப்பாவுல 2025 ஜூன்லேர்ந்து புதுசா வர்ற போனுக்கும் முத்திரை ஒட்டணும், ஒரு சார்ஜ் எத்தனை மணி நேரம் வரும்னு அதுல போடணும். நமக்கும் அது வேணும். கேக்கறதுல தப்பே இல்ல.

அதுவரைக்கும் ஊர்ல அப்பா அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுக்கிறவங்க நாலு வேலை செய்ங்க. 60 ஹெர்ட்ஸ்ல வைங்க. எப்பவும் எரியற கடிகாரத்தை அணைங்க. வெளிச்சத்தைக் குறைங்க. ஓஎல்இடி திரைன்னா கறுப்புப் பின்னணி போடுங்க. வழவழப்பு நமக்குத்தான் பெருமை. அவங்களுக்கு வேண்டியது, இறங்கற ஸ்டேஷன் வரைக்கும் மகன் குரல் கேக்கணும், அவ்வளவுதான்.

டிஸ்கி: சார்ஜர் கைப்பையில இருக்கட்டும். துண்டுச் சீட்டுல நம்பர் எழுதிக் கொடுக்க மறக்காதீங்க. அதுக்கு மின்சாரமே வேண்டாம் :-)