தான்சானியா கற்பிக்கும் கூட்டுறவுப் பாடம்

தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுள் முந்திரிக்கொட்டையும் ஒன்று. ஆப்பிரிக்கக் கரையில் சாக்குகளில் கட்டப்பெற்ற கொட்டை கடல் கடந்து வந்து, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் உள்ள ஆலைகளில் உடைபட்டுப் பருப்பாகிறது. உடைத்துத் தோல் நீக்கித் தரம் பிரிப்போர் பெரும்பாலும் நம் பெண்மக்களே. நம் நாட்டில் முந்திரி அறுவடை மாசி முதல் வைகாசி வரை நடைபெறும். அக்கொட்டை ஆலைகளின் ஆண்டுத் தேவைக்குப் போதுவதில்லை. கீழை ஆப்பிரிக்க நாடாகிய தான்சானியாவில் அறுவடை ஐப்பசி முதல் தை வரை நடைபெறுவதால், நம் கிடங்குகள் வெறுமையாகும் காலத்தில் அவர்கள் கொட்டை வந்து சேருகிறது. நம் வீட்டு அடுப்பு எரிய உதவும் அந்நாட்டைப் பற்றி நம் அங்கத்தினர்கள் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

தான்சானியா இந்துமாக்கடலின் மேலைக் கரையில் உள்ளது. பரப்பு சுமார் 9,45,000 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்காவின் மிக உயரமான கிளிமஞ்சாரோ மலை (5,895 மீட்டர்) அந்நாட்டில்தான் இருக்கிறது. விக்டோரியா ஏரியின் ஒரு பகுதியும் அதற்கு உரியது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 6 கோடியே 17 லட்சம். நூற்றுக்கு மேற்பட்ட இனக் குழுவினர் வாழினும் சுவாகிலி மொழி அனைவரையும் ஒன்றாகப் பிணைக்கிறது. மலைச் சரிவில் காப்பியும், ஏரிப் பக்கத்தில் பருத்தியும், சான்சிபார்த் தீவில் கிராம்பும், தென்கரையில் ம்த்வாரா, லிண்டி வட்டாரங்களில் முந்திரியும் விளைகின்றன. தங்கச் சுரங்கங்களும் உள. ஆயினும் மக்களுள் பெரும்பாலோர் இன்றும் நிலத்தை நம்பி வாழும் சிறு குடியானவர்களே.

முதலில் ஜெர்மானியரும், முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயரும் அந்நாட்டை ஆண்டனர். ஜெர்மானியர் ஆட்சியில் குடிமக்களைக் கட்டாயப்படுத்திப் பருத்தி பயிரிடச் செய்தனர். உழைப்பு குடியானவனுடையது; பயனோ பிறருடையது. 1905ஆம் ஆண்டில் மக்கள் அப்பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்து கிளர்ந்தெழுந்தனர். மாஜி மாஜிக் கிளர்ச்சி எனப்படும் அது 1907இல் முற்றிலும் அடக்கப்பட்டது. போரிலும், தொடர்ந்த பஞ்சத்திலும் பல்லாயிரவர் மடிந்தனர்.

அதே ஆண்டுகளில் நம் தூத்துக்குடியில் நிகழ்ந்ததை நினைவு கூர்வோம். கரிசல் பருத்தி மூட்டைகளாகக் கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. ஆலைத்துணி திரும்பி வந்து நம் தறிகளின் ஓசையை அடக்கியது. 1906இல் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். அவ்வாண்டே சிறை புகுந்தார். விளைவித்தவனும் உழைத்தவனும் விலையில் உரிமையற்றுக் கிடந்த துயரம் இரு கரைகளிலும் ஒன்றே.

தங்கனீகா 1961இல் விடுதலை பெற்றது. 1964இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆயிற்று. தலைவர் ஜூலியஸ் நைரேரே 1967ஆம் ஆண்டு அருஷாப் பிரகடனத்தின் வாயிலாக, குடும்ப உணர்வுடன் கூடி வாழும் கிராமச் சமுதாயத்தை இலட்சியமாக அறிவித்தார். இலட்சியம் உயர்ந்தது, எனினும் செயல் முறையில் பிழை நேர்ந்தது. சிதறி வாழ்ந்த குடியானவர்கள் வற்புறுத்திப் புதுக் கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். முந்திரி மரங்கள் ஓரிடத்தும் அவற்றைப் பேணுவோர் வேறிடத்தும் ஆயினர். காப்பி விளைவிப்போர் 1930களிலும் பருத்தி விளைவிப்போர் 1950களிலும் தாமே முயன்று வளர்த்த கூட்டுறவு ஒன்றியங்களை 1976இல் அரசாங்கம் கலைத்துவிட்டு, கொள்முதலைத் தன் வாரியங்களிடம் ஒப்படைத்தது. விலை குறைந்தது, சாம்பல் நோயும் மரங்களைப் பற்றியது. 1970களின் தொடக்கத்தில் சுமார் 1,45,000 டன்னாக இருந்த முந்திரி விளைச்சல், 1980களின் நடுவில் 20,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. பெருங்கடன் வாங்கிக் கட்டிய முந்திரி ஆலைகள் பலவும் கொட்டையின்றி மூடிக் கிடந்தன.

1982இல் சட்டம் இயற்றிக் கூட்டுறவுகளை அந்நாடு மீண்டும் அமைத்தது. 2007 முதல் முந்திரிக்குக் கிடங்கு ரசீது முறை வழங்கி வருகிறது. குடியானவன் தன் கொட்டையைத் தொடக்கச் சங்கத்தில் சேர்ப்பிக்கிறான். அது தரம் பார்க்கப்பட்டுக் கிடங்கில் வைக்கப்படுகிறது. பின்பு வணிகர்கள் ஏலத்தில் விலை கேட்கின்றனர். களத்துமேட்டில் தரகன் சொன்னதே விலை என்ற நிலை பெரிதும் மாறிற்று. நோய்க்கு மருந்து தெளிக்கவும் கற்றனர். 2017-18 பருவத்தில் விளைச்சல் 3 லட்சம் டன்னைக் கடந்தது. குறைகள் இல்லாமலில்லை. பிடித்தங்கள் மிகுதி, பணம் தாமதமாகிறது என்ற முறையீடு அங்கும் உண்டு. 2018இல் வணிகர் கேட்ட விலை மிகக் குறைவென்று குடியானவர்கள் விற்க மறுத்தபோது, குடியரசுத் தலைவர் மகுபுலி கிலோவுக்கு 3,300 ஷில்லிங் தருவதாகக் கூறி, இராணுவத்தைக் கொண்டு கொள்முதல் செய்வித்தார். அறிவித்த விலை நல்ல விலையே. எனினும் பலருக்குப் பணம் வந்து சேரக் காலம் கடந்தது. சரக்கும் கிடங்குகளில் தேங்கியது. சங்கம் செய்ய வேண்டிய வேலையை ஆணையால் செய்துவிட இயலாது என்பதற்கு இது மற்றுமொரு சான்று.

இப்பொழுது தான்சானியா, தன் கொட்டையைத் தன் நாட்டிலேயே உடைத்துப் பருப்பாக விற்க விழைகிறது. மேலை ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாடு 2024 ஏப்ரல் முதல் உடையாத கொட்டையின் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. இதனால் நம் ஆலைகளுக்கு இடர் வருமென அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொய்யன்று, கொட்டை வராத நாளில் கூலியும் இல்லை. ஆயினும் அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை ஏது? பஞ்சை அனுப்பித் துணியை வாங்கிய காலத்தில் நம் முன்னோர் கேட்ட நியாயத்தையே அவர்கள் இன்று கேட்கின்றனர். நூலாகவும் துணியாகவும் ஆகும்பொழுதே பஞ்சின் மதிப்பு உயருகிறது என்பதை நெசவாளர்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கது வேறு. மானாவாரி நிலங்களிலும் தேரி மணலிலும் ஒட்டு முந்திரிக் கன்றுகளை நட்டு, நம் விளைச்சலைப் பெருக்க வேண்டும். விளைந்ததை அவசரத்திற்கு விற்காமல் சங்கக் கிடங்கில் வைத்து, ரசீதின் மேல் கடன் பெற்று, விலை வரும்வரை காத்திருக்கும் பழக்கம் வளர வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சங்கம் அரசாங்கத்தின் கிளைக் காரியாலயம் என்ற எண்ணம் ஒழிய வேண்டும். மானியம் வரும் நாளில் மட்டும் சங்கத்தை நினைப்பதும், மகாசபைக் கூட்டத்திற்கு வாராமல் கையொப்பத்தை மட்டும் அனுப்புவதும், கணக்கைக் கேளாதிருப்பதும் நம்மிடையே உள்ள குறைகள். உறுப்பினர் கைவிட்ட சங்கத்தை எவரும் எளிதில் கலைத்துவிடலாம். 1976இல் ஒரே ஆணையில் ஒன்றியங்களை இழந்த அந்நாட்டுக் குடியானவர், அவற்றை மீண்டும் கட்டப் பல்லாண்டு பாடுபட்டனர்.

அடுத்த முறை ஆப்பிரிக்க முந்திரி ஏற்றிய லாரி நம் ஊரைக் கடக்கும்பொழுது, அம்மூட்டைகளின் பின்னே நம்மைப் போன்றே ஒரு சங்கத்தின் வாசலில் விலைக்குக் காத்து நின்ற ஒரு குடியானவன் இருக்கிறான் என்பதை நினைவிற்கொள்வோம். அடுத்த மகாசபைக்குத் தவறாது சென்று, சங்கக் கணக்கைக் கேட்டறிவோம்.