வெயில் நமக்குப் புதுசா?

வருகிற ஜூனில் அக்கா துபாய் போகிறாள். மாமா அங்கேதான் வேலை. பெரியவனுக்கு நாலு வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. "பிள்ளைகளுக்கு வெயில் தாங்குமா?" என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்: "சிவகாசிப் பிள்ளைக்கு வெயில் புதுசா?"

புதுசுதாங்க! நம்ம கந்தக பூமியில் காய்கிற வெயில். காற்றில் ஈரம் குறைவு. பட்டாசு, தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்விட அதுவும் ஒரு காரணம். வியர்வை சீக்கிரம் காய்ந்து உடம்பு குளிர்ந்துவிடும். துபாய் கடலோர ஊர். ஆகஸ்டில் வியர்வை காயாது, சூடும் இறங்காது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கே தடை. வளர்ந்த ஆளுக்கே இப்படி!

ஆனால் என் பயம் வெயில் இல்லை, ரூம். மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் போனால் அந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? பெரும்பாலும் பங்கு ஃபிளாட்டில் ஒரே ரூம்தான். இங்கே மதியத்துக்குத் திண்ணை உண்டு, வேப்பமர நிழல் உண்டு, அம்மாச்சி மடி உண்டு. அங்கே நாலு மாசமும் ஏசியும் டிவியும்தான்.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவைப் போனில் மட்டும் பார்த்து வளர்வதும் நஷ்டக் கணக்குதான். நவம்பரில் போகட்டும். மார்ச் வரை பிள்ளைகள் வெளியே ஓடியாடிப் பழகலாம். மாமாவிடம் முதலில் இதைக் கேள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்:

"ரூமில் ஜன்னல் இருக்கா?"