தண்ணீர் சொல்லும் பொய்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

ஒளி விலகலைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். "பள்ளியிலேயே படித்து முடித்த பாடமாயிற்றே, அதில் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். முடித்துவிட்டோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதுதான் இதை எழுதத் தூண்டியது. அந்தப் பாடத்தில் நான் முழு மதிப்பெண் பெற்றவன். அப்படிப் பெற்ற நான், அந்தப் பாடத்தை அறியாமல் சொன்ன ஒரு சொல்லால் என் தம்பியை இழந்திருப்பேன்.

என் ஊர் வெள்ளிமலையை அடுத்த ஒரு சிற்றூர். கல்வராயன் மலையைக் கண்டவர்களுக்கு அங்குள்ள ஓடைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மேகம் அருவி, பெரியார் அருவி என்று பெயர் பெற்றவை சில. பெயரே இல்லாத மடுக்கள் பல. சென்ற கோடை விடுமுறையில் சமவெளியிலிருந்து என் சித்தப்பா மகன் வந்திருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. ஓடைக்கரையில் அப்படியொரு மடுவுக்கு அவனை அழைத்துச் சென்றேன். தண்ணீர் பளிங்கு போலிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம்.

"எவ்வளவு ஆழம் அண்ணா?" என்று கேட்டான்.

"நாலடிதான் இருக்கும். உன் மார்புக்குக்கூட வராது. குதி!" என்றேன்.

குதித்தான். கால் தரையில் பாவவில்லை. அவன் தலை ஒருமுறை மேலே வந்தது. பிறகு கைகள் மட்டும் தெரிந்தன. எனக்கும் நீச்சல் அரைகுறைதான். நல்லவேளையாக, மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கூச்சலைக் கேட்டு ஓடிவந்து, தழை ஒடிக்கும் துறட்டியை நீட்டினார். தம்பி அதைப் பற்றிக்கொண்டு கரையேறினான்.

பெரியவர் எங்களைத் திட்டவில்லை. துறட்டியை நேராக நீருக்குள் விட்டுத் தரையைத் தட்டிக் காட்டினார். பிறகு சொன்னார்: "தண்ணி பொய் சொல்லும் தம்பி. கண்ண நம்பாத, கழிய விட்டுப் பாரு." நனைந்திருந்த கழியை அளந்து பார்த்தேன். 8 அடி!

முக்கால் பங்கு என்னும் மூடநம்பிக்கை

அன்றிரவு பாடநூலை எடுத்துப் புரட்டினேன். உண்மை ஆழத்தைத் தோற்ற ஆழத்தால் வகுத்தால் விலகல் எண் கிடைக்கும். நீரின் விலகல் எண் 4/3. எனவே நீரின் ஆழம் முக்கால் பங்காகத் தெரியும். இது நம்மில் எவருக்கும் தூக்கத்திலும் வரும் விடை. அதன்படி 8 அடி ஆழம் 6 அடியாகத் தெரிந்திருக்க வேண்டும். என் கண்ணுக்கோ 4 அடியாகத்தான் தெரிந்தது. வாய்பாடு தவறா, என் கண் தவறா?

இரண்டும் தவறில்லை. அந்த வாய்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நேர் மேலிருந்து செங்குத்தாகப் பார்த்தால் மட்டுமே அது பொருந்தும். நம் ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கி கண்ணாடிப் பாளத்தை நேர் மேலிருந்துதான் பார்க்கிறது. ஆகவே அங்கே வாய்பாடு ஒருநாளும் பொய்ப்பதில்லை. ஆனால் கரையில் நிற்பவன் நுண்ணோக்கியைப் போல் மடுவின் மேல் தொங்கிக்கொண்டா பார்க்கிறான்? சாய்வாகப் பார்க்கிறான். சாய்வு கூடக் கூட, தோற்ற ஆழம் முக்கால் பங்கிலிருந்து இன்னும் குறைந்துகொண்டே போகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 5 அடி மேலே கண் இருக்கிறது. 9 அடி தள்ளி நீர்ப்பரப்பைப் பார்க்கிறோம் என்று கொள்வோம். பார்வைக் கோடு செங்குத்துக் கோட்டுடன் ஏறத்தாழ 60 பாகைக் கோணம் அமைக்கும். ஸ்நெல் விதிப்படி நீருக்குள் அக்கோணம் சுமார் 40 பாகை. இரண்டு கண்களுக்கும் வரும் கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால், அவை சந்திக்கும் இடம் உண்மை ஆழத்தில் ஏறத்தாழப் பாதியில் இருக்கும். 8 அடி 4 அடியாகத் தெரிந்த மாயம் இதுதான்.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. மடுவின் கரையில் நான் வாய்பாட்டை நினைவுகூர்ந்து, கண்ணுக்குத் தெரிந்த 4 அடியை 4/3ஆல் பெருக்கியிருந்தாலும் 5 அடி 4 அங்குலம் என்றுதான் விடை வந்திருக்கும். தம்பியின் உயரம் ஐந்தரை அடி. "தாராளமாகக் குதி" என்றுதான் அப்போதும் சொல்லியிருப்பேன்! வாய்பாடு தெரியாமையால் வந்த ஆபத்தல்ல இது. வாய்பாடு எங்கே பொருந்தும் என்று தெரியாமையால் வந்தது.

கழியும் கதிரும்

பெரியவரின் துறட்டி எனக்கு இன்னொன்றையும் கற்பித்தது. நீரில் சாய்வாக நிற்கும் கழி வளைந்து தெரிவதை வரையச் சொன்னால், நம்மில் பலர் நீருக்குள் இருக்கும் பகுதியைச் செங்குத்துக் கோட்டை நோக்கிக் கீழே சாய்த்து வரைகிறோம். நீருக்குள் நுழையும் கதிர் அப்படித்தானே வளைகிறது என்பது நம் எண்ணம். உண்மையில் நேர்மாறாக நிகழ்கிறது. கழியின் ஒவ்வொரு புள்ளியும் உயர்ந்து தோன்றுவதால், நீருக்குள் உள்ள பகுதி மேல்நோக்கி மடங்கியதாகத் தெரியும். கதிர் வளைவது ஒரு பக்கம்; கழி வளைந்து தெரிவது மறுபக்கம். மீனை ஈட்டியால் குத்துபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைப்பதும் இதனால்தான். நீர்நிலைக் கொக்குகள்கூட இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டு குத்துகின்றன என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கொக்குக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவேண்டாமா?

சொல்லால் வந்த குழப்பம்

அடுத்து, 'அடர்மிகு ஊடகம்', 'அடர்குறை ஊடகம்' என்னும் சொற்களுக்கு வருவோம். இவற்றைக் கேட்டவுடன் கனமான பொருள், இலேசான பொருள் என்றே மனம் எண்ணுகிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீரும் அதன்மேல் தேங்காயெண்ணெயும் ஊற்றுங்கள். எண்ணெய் மிதக்கிறது, அதாவது அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ஆனால் எண்ணெயின் விலகல் எண் ஏறத்தாழ 1.45, தண்ணீருக்கோ 1.33தான். கற்பூரத் தைலமாகிய டர்பன்டைனும் அப்படியே. தண்ணீரில் மிதக்கும், ஆனால் விலகல் எண் 1.47. மேலே மிதப்பதே ஒளிக்கு 'அடர்மிகு' ஊடகம்!

காற்றில் மட்டும் அடர்த்தி குறைந்தால் விலகல் எண்ணும் சேர்ந்து குறைகிறது. அதனால் இந்தக் குழப்பம் வெளிப்படாமலே தங்கிவிடுகிறது. ஒளி எங்கே மெதுவாகச் செல்கிறது, எங்கே விரைவாகச் செல்கிறது என்று கேட்பதே நேர்வழி. 'ஒளி மெதுவூடகம்' என்பது போன்ற ஒரு சொல்லைத் தமிழறிஞர்களும் இயற்பியல் ஆசிரியர்களும் சேர்ந்து ஆக்கித் தந்தால், அடுத்த தலைமுறை மாணவன் இந்தக் குழியில் விழமாட்டான்.

இந்த இடத்தில் தவறியவர்கள் நாம் மட்டுமல்லர் என்பது ஓர் ஆறுதல். ஒளியைத் துகள்களாகக் கொண்ட நியூட்டனின் விளக்கப்படி, ஒளி காற்றைவிட நீரில் விரைவாகச் செல்லவேண்டும். அலையாகக் கொண்ட ஹைகன்ஸின் விளக்கப்படி மெதுவாகச் செல்லவேண்டும். இவ்வழக்குக்கு 1850இல் ஃபூக்கோ பாரீசில் சோதனை செய்து தீர்ப்புச் சொன்னார். நீரில் ஒளி மெதுவாகவே செல்கிறது. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் செல்கிறது. நியூட்டனே சொன்னாலும் அளந்து பார்த்தார்கள். அதுதான் அறிவியல்.

வானவில்லும் கானல்நீரும்

'முழு அக எதிரொளிப்பு' என்னும் தொடரும் நம்மிடம் படாத பாடு படுகிறது. வானவில்லுக்குக் காரணம் அது என்று எழுதுகிறோம். அருவிச் சாரலில் காலை வெயிலில் வில் தோன்றுவதைப் பார்த்து நானே நண்பர்களிடம் அவ்வாறு விளக்கியிருக்கிறேன். ஒரு வட்டத்தை வரைந்து கதிரை உள்ளே செலுத்திப் பாருங்கள். துளிக்குள் நுழையும்போது ஏற்பட்ட அதே விலகுகோணத்தில்தான் கதிர் பின்சுவரில் போய் விழுகிறது. உள்ளே வர இடங்கொடுத்த கோணம், வெளியே போகவும் இடங்கொடுக்கும். ஆகவே உருண்டைத் துளிக்குள் அவ்வாறு நுழைந்த கதிருக்கு முழு அக எதிரொளிப்பு நிகழவே முடியாது! நீரின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 49 பாகை. வானவில்லை உண்டாக்கும் கதிர் துளியின் பின்சுவரில் படுவதோ சுமார் 40 பாகையில். பெரும்பகுதி ஒளி பின்பக்கமாக வெளியேறிவிடுகிறது. திரும்பிவரும் சிறு பங்குதான் நாம் காணும் வில்.

சித்திரை வெயிலில் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் பேருந்தில் வருபவர்கள் கானல்நீரைக் காணாமல் இருக்க முடியாது. அதற்கும் முழு அக எதிரொளிப்பு என்றே விடை எழுதுகிறோம். முழு அக எதிரொளிப்புக்கு இரு ஊடகங்களைப் பிரிக்கும் தெளிவான ஒரு பரப்பு வேண்டும். ஒளியிழையில் அது இருக்கிறது. தார்ச் சாலைக்கு மேலுள்ள காற்றில் அந்தப் பரப்பு எங்கே? காற்றின் விலகல் எண்ணே ஏறத்தாழ 1.0003தான். தரையருகே வெப்பம் மிகுந்து அது இன்னும் சிறிது குறைகிறது. சாய்ந்து வரும் ஒளி சிறிது சிறிதாக, தொடர்ச்சியாக வளைந்து மேலேறி நம் கண்ணை அடைகிறது. நாம் காண்பது நீரன்று, வானத்தின் ஒளி.

இது எளிய செய்தியன்று. கதிர் தரைக்கு இணையாகிவிட்ட பின் அதை மேலே திருப்புவது எது என்ற கேள்வி இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், தம் எழுபதாம் வயதுக்குப் பின், 1959இல், பஞ்சரத்தினம் அவர்களுடன் சேர்ந்து கானல்நீரின் ஒளியியலை அலைக் கொள்கையின் வழியே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் அந்த வயதில் ஆராயத் தக்கது என்று கருதிய பொருளை, நாம் இரண்டு மதிப்பெண் விடையில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம்.

என்ன செய்யலாம்?

இதற்கு ஆசிரியப் பெருமக்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. குறித்த நாட்களுக்குள் பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய நெருக்கடி அவர்களுக்கு உண்டு. மாணவர்களாகிய நாமும் "தேர்வுக்கு வருமா?" என்று கேட்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. தவறான விடைக்கும் மதிப்பெண் கிடைக்கும்போது சரியான விடையைத் தேட எவனுக்குத் தோன்றும்? விடைத்தாள் நம்மை மன்னித்துவிடும், மடு மன்னிக்காது.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஒளி விலகலைக் கற்பிக்கும்போது வாய்பாட்டோடு அதன் நிபந்தனையையும் கேள்வியாகக் கேட்க வேண்டும். "கரையில் நின்று சாய்வாகப் பார்ப்பவனுக்கு ஆழம் எவ்வளவாகத் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி தேர்வில் வந்தால் போதும், ஆயிரம் பேர் சிந்திப்பார்கள். இரண்டு, தம்ளரும் எண்ணெயும் கழியும் கொண்டு செய்யும் சோதனைகளை வகுப்பிலேயே செய்து பார்க்க வேண்டும். இவற்றுக்கு அரசு நிதி ஒதுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று, நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அடுத்த முகாமை மலையடிவாரத்திலோ மலைமீதோ நடத்தி, மக்கள் குளிக்கும் மடுக்களைக் கழிவிட்டு அளந்து, ஒவ்வொன்றின் கரையிலும் ஆழத்தைப் பாறையில் வண்ணத்தால் எழுதி வைக்க வேண்டும். விடுமுறை நாட்களில் வெளியூரிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் அருவிகளுக்கு வருகிறார்கள். தெளிந்த நீரைக் கண்டு ஏமாறுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

ஆடு மேய்த்த அந்தப் பெரியவர் ஸ்நெல் விதியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆயினும் கண் ஏமாறும் என்பதை அறிந்திருந்தார்; ஏமாறாத அளவுகோலைக் கையில் வைத்திருந்தார். எனக்கு விதி தெரிந்திருந்தது. அளந்து பார்க்கும் வழக்கம் இல்லை. எங்கள் இருவரில் இயற்பியல் கற்றவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போதும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மடுவின் கரையில் சற்று நிற்பேன். கூழாங்கற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடப்பது போலவே தெரிகின்றன. காரணத்தை அறிந்த பின்பும் அந்தத் தோற்றம் மாறவில்லை. அறிவு கண்ணைத் திருத்துவதில்லை. குதிக்கும் முன் நம்மை நிறுத்துகிறது. அது போதும்.