'விஷயம் புரிந்தால் போதும்' என்பது பொய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் சிட்கோவிலோ லாக் புக்கில் எழுதப்படும் ஆங்கிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வரும்: "விஷயம் புரிஞ்சா போதும் சார், கிராமர் எல்லாம் இங்கிலீஷ் வாத்தியாருக்கு." இதை நான் அடியோடு மறுக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் படிப்பவரே திருத்திக்கொள்வார். சொல் இடம் மாறி நிற்கும் வாக்கியத்தில் பிழை கண்ணுக்கே தெரியாது. அது நல்ல ஆங்கிலமாக நின்றுகொண்டு தப்பான விஷயத்தைப் புரியவைக்கும்.

தொட்டிக்குள் இறங்குவதற்கான பர்மிட்டை எடுத்துக்கொள்வோம். விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்கு முன், தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் இறங்குபவருக்குச் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இப்படித்தான் விதித்தது. இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'ஃபிட்டர் வாஸ் ஆஸ்க்ட் டு என்டர் த டேங்க் ஆஃப்டர் டெஸ்டிங் பை த இன்ஜினியர்.' இன்ஜினியர் சோதித்தாரா, இறங்கச் சொன்னதோடு சரியா? சோதனையை ஒரு ஹெல்ப்பர் செய்திருந்தாலும் இந்த வாக்கியம் பொய்யாகாது. சட்டம் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு இதில் பதில் இல்லை.

'ஒன்லி' இன்னும் ஆபத்தானது. வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றால், பயிற்சி பெற்றவர் மட்டுமே வால்வைத் திறக்கலாம் என்று ஆளைக் கட்டுப்படுத்தும். 'ஆஃப்டர்' என்பதற்கு முன்னால் நின்றால், அழுத்தம் இறங்கிய பிறகு மட்டுமே திறக்கலாம் என்று நேரத்தைக் கட்டுப்படுத்தும். ஒப்பீட்டிலும் இதே கதைதான். 'ரிஜெக்‌ஷன் லோயர்' என்று ரிப்போர்ட் போகிறது. போன மாதத்தைவிடவா, இலக்கைவிடவா, பக்கத்து யூனிட்டைவிடவா? படிப்பவர் தமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வார்.

தமிழ்வழியில் படித்ததால்தான் இந்தக் குழப்பம் என்று ஏளனம் செய்வோரும் உண்டு. அது அநியாயம். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்களைப் பெரும்பாலும் இடம் மாற்றி வைக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வேலையை இடமே செய்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொல்லாமல் டென்ஸ் மட்டும் நடத்திவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்வது என்ன நியாயம்? ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இதே இடத்தில் இடறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநில ஓவர்டைம் சட்டத்தில் ஓவர்டைம் கிடைக்காத வேலைகளைச் சொல்லும் ஒரு தொடர்: விநியோகத்துக்காக பேக் செய்வதைக் குறிக்கிறதா, விநியோகத்தைத் தனி வேலையாகக் குறிக்கிறதா என்று தெளிவில்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் டிரைவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

"தமிழிலும் இந்தியிலும் மொழிபெயர்த்து ஒட்டிவிட்டோமே" என்பார்கள். ஒட்டத்தான் வேண்டும். ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்பு இருக்க வேண்டும் என்று அதே தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கும் உருக்காலைகளில் அது உயிர் காக்கும் விதி. ஆனால் மூலமே இரண்டு பொருள் தந்தால், மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்துதான் எழுதுவார். அந்தத் தொட்டியை ஒருநாளும் பார்த்திராத ஒருவர், யார் சோதிக்க வேண்டும் என்பதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறார்.