எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது

செஞ்சிப் பக்கத்துச் சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் 1,400 ஆண்டுகளாக வெட்டிய இடத்திலேயே உறுதியாக நிற்கிறது. அதே பல்லவர் ஆண்ட கடலோரத்தில், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், ஒரு முருகன் கோயில் மணலுக்குள் புதைந்து ஊர் நினைவிலிருந்தும் போய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே ஒரு பாறையின் மேலிருந்த மணலை அரித்துக் கல்வெட்டை வெளிக்காட்டியது. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு 2005-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. கருங்கல் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. கூடவே கடல்மணலும் சிப்பியும் கலந்த அடுக்குகளும் கிடைத்தன. பழைய சுனாமிகள் விட்டுச்சென்றவை அவை என்று அகழாய்வாளர்கள் கருதினார்கள்.

சுனாமியா, புயலா? நம் துறையின் கடினமான கேள்வி இதுதான். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே 2011 டிசம்பரில் கரையேறிய தானே போன்ற புயலும் மணலை உள்ளே தள்ளும். செஞ்சி மலைகளில் பிறந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் சங்கராபரணியும் வெள்ளக் காலத்தில் மணலைக் கொண்டுவந்து கொட்டும். இவற்றைப் பிரித்தறிய, சுனாமிதான் என்று ஐயமில்லாமல் தெரிந்த ஒரு படிவு ஒப்பீட்டுக்கு வேண்டும். 2005 ஜனவரியில் குழி வெட்டி, படிவின் தடிமனையும் மணலின் பருமன் மாறும் விதத்தையும் அதில் கிடந்த ஃபோராமினிஃபெரா ஓடுகளையும் குறித்து வைத்தவர்களால்தான் அந்த ஒப்பீடு இன்று நமக்குக் கைக்கு எட்டுகிறது. அடுத்த பருவமழையில் அந்தப் படிவில் பெரும்பகுதி கலைந்துவிட்டது.

களத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு மீனவர் வீட்டுச் சுவரில் மார்பளவு உயரத்தில் பழுப்புக் கோடு. வெளிச்சுவரில் அலை தெறித்திருக்கும். ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், தண்ணீர் தேங்கி நின்ற அறையில் இருக்கும் கோட்டைத்தான் நம்ப வேண்டும். தரையிலிருந்து கோடு வரை அளந்தால் கிடைப்பது நீரோட்டத்தின் ஆழம். ரன்-அப் உயரம் வேண்டுமானால், தண்ணீர் உள்நாட்டில் கடைசியாகத் தொட்ட இடத்துக்குப் போக வேண்டும். குப்பை ஒதுங்கிய வரி, உப்பு பட்டுக் கருகிய சவுக்கு, இவைதான் அங்கே அடையாளம். அங்கிருந்து லெவல் கருவியையும் ஸ்டாஃபையும் வைத்துக் கடல்மட்டம் வரை இறங்கி வந்து, அந்த நொடியின் மணியைக் குறிக்க வேண்டும். கடல்மட்டம் மணிக்கு மணி மாறுவது. சுனாமி வந்த அன்று பௌர்ணமி வேறு. அளந்த நேரத்து ஓதத்தையும் அலை வந்த நேரத்து ஓதத்தையும் கழித்துப் பார்க்காமல் எழுதிய உயரத்தை வேறோர் ஊரின் உயரத்தோடு ஒப்பிட முடியாது.

ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர். கே. சத்தா, சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஜி. லதா, ஒரெகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹாரி யே உள்ளிட்ட குழு சுனாமியை அடுத்த வாரங்களில் தமிழ்நாட்டுக் கரையை அளந்தது. கரை நெடுகிலும் ஊருக்கு ஊர் மாறிய ரன்-அப், நாகப்பட்டினத்தில் 5 மீட்டரைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேர் அந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த அளவுகளை வெறும் தரவு என்று சொல்ல மனம் வருவதில்லை.

அளவோடு சூழலையும் எழுதிவைத்தால் என்ன பயன் என்பதற்குப் பரங்கிப்பேட்டை நல்ல சான்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் அக்கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து, சதுப்புநிலக் காடுகள் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005-ல் எழுதினார்கள். அக்கரையின் பிச்சாவரக் காட்டின் பெயர் உலகெங்கும் போயிற்று. அடுத்த ஆண்டே கெர், பெய்ர்டு, கேம்ப்பெல் மூவரும் அதே தரவை மறுபடி அலசி, சேதத்தில் இருந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் குடியிருப்பின் உயரமும் கடலிலிருந்த தூரமுமே விளக்கிவிடுகின்றன, தாவரத்தின் தனிப்பங்கு மிகச் சிறிது என்று வாதிட்டார்கள். இந்த விவாதத்தில் யார் பக்கம் நிற்பது என்பதில் வாசகர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இவ்விதழ் மதிப்பது வேறொன்றை. முதல் இருவரும் ஒவ்வொரு குப்பத்துக்கும் உயரத்தையும் தூரத்தையும் அட்டவணையில் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் மறுப்பே சாத்தியமாயிற்று. முடிவை மட்டும் சொல்லித் தரவை மேசைக்குள் பூட்டியிருந்தால் சரியென்றோ தவறென்றோ யாரும் சொல்லியிருக்க முடியாது.

இன்னும் பழைய சான்றும் உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியது. எழுந்த சிறிய அலை சென்னை, நாகப்பட்டினம் ஓதமானிகளில் பதிந்தது. அந்தத் தாள்களைக் காத்து வைத்திருந்ததால், 122 ஆண்டுகள் கழித்து 2003-ல் ஓர்ட்டிஸும் பில்ஹாமும் நிலநடுக்கத்தின் அளவை 7.9 என்று கணக்கிட்டார்கள். மறுஆண்டு நிகழவிருந்ததை அவர்கள் அறியவில்லை. கருவியைப் பார்த்துக்கொண்ட ஊழியர் தமக்குப் பின்னால் வருபவருக்காக நேரத்தையும் மட்டத்தையும் ஒழுங்காகப் பதிந்திருந்தார், அவ்வளவுதான்.

2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கரையைத் தமக்குள் பிரித்துக்கொண்டு, ஒரே முறையில் 5,000-க்கும் மேற்பட்ட இடங்களை அளந்து, ஓதத்தைச் சரிசெய்து, எல்லோரும் எடுக்கும்படி வெளியிட்டார்கள். யுனெஸ்கோவின் களக் கையேடு 1998 முதலே இருக்கிறது. 2014-ல் திருத்தமும் வந்தது. நம்மிடம் 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால் அலை வடிந்த மறுநாள் எந்த மாவட்டத்தில் எந்தத் துறை எந்தப் படிவத்தோடு இறங்க வேண்டும் என்பது கல்லூரிப் புவியியல் துறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாட்சியம் கேட்கும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். எத்தனை அலை, எது பெரிசு, முன்னால் தண்ணீர் உள்வாங்கியதா என்ற கேள்விகளுக்குக் கரையில் நின்றவர்தான் பதில் சொல்ல முடியும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே வந்து கேட்பது அநியாயம். ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு பேசி, ஒருமுறை கேட்டு, சொன்னவரின் சொல்லிலேயே பதிந்து, மற்றக் குழுக்களோடு பகிர்ந்துகொள்வதே முறை.

ஆகவே ஒரு வேண்டுகோள். 2005-ல் மரக்காணம் முதல் வேதாரண்யம் வரை அளந்த வாசகர்களிடம் களக் குறிப்பேடுகள் இன்னும் இருக்கும். பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சில வீடுகளில் அவை பழைய பேப்பரோடு போகும் நிலையில் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து உங்கள் துறை நூலகத்தில் சேருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து மட்டம் எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, சுவரின் உட்புறமா வெளிப்புறமா என்பதை நினைவிருக்கும்போதே ஓரத்தில் எழுதுங்கள். அந்தச் சுவர் இன்னும் நின்றால், இடிப்பதற்கு முன் ஜிபிஎஸ் கருவியோடு போய் ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள்.