கிழக்குக்குத் தனிக் கடிகாரம் வேண்டும்

டிசம்பர் மாதத்தில் நாகாலாந்தின் தலைநகரான கோஹிமாவில் மாலை நான்கரை மணியளவில் சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. அதே நேரத்தில் குஜராத்தின் துவாரகையில் வெயில் இன்னும் மறையாமல் காய்ந்துகொண்டிருக்கிறது. ஜூன் மாதத்திலோ, அருணாசலப் பிரதேசத்தின் டோங் கிராமத்தில் காலை நான்கரை மணிக்கு முன்பே பொழுது புலர்ந்துவிடுகிறது. கிழக்கு தீர்க்கரேகை 68 பாகையிலிருந்து 97 பாகை வரை பரந்து கிடக்கும் இத்தேசத்தில், ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் என்ற கணக்கில், இரு கோடிகளுக்கும் இடையே சூரியோதயம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வித்தியாசப்படுகிறது. ஆயினும் மிர்ஸாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகை ரேகையை ஆதாரமாகக் கொண்ட ஒரே நேரத்துக்கு அனைவரும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. இதனால் வடகிழக்கு மக்கள் அனுபவிக்கும் சிரமம், தேசத்தின் தலைநகரில் இருப்போரின் கவனத்தை இன்னும் போதிய அளவில் கவரவில்லை என்பதே என் வருத்தம்.

விடிந்து பல மணி நேரத்துக்குப் பிறகு திறக்கும் காரியாலயத்தில், வேலை முடியும் முன்னரே விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் பள்ளிவிட்டு வீடு திரும்பும் குழந்தைக்கு விளையாடப் பகலில்லை. இயற்கை இலவசமாக அளிக்கும் வெளிச்சத்தைத் தூக்கத்தில் கழித்துவிட்டு, மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்கும் இந்த ஏற்பாட்டை, அசாமில் தேயிலை பயிரிட்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் தோட்டக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே திருப்பிவைத்தார்கள். 'பாகான் டைம்' என்று அங்குள்ளோர் சொல்லும் அவ்வழக்கம் இன்றும் தோட்டங்களில் நிலவுகிறது. தோட்டத்து ஆபீசில் மணி ஒன்பது அடிக்கும்போது, வாயிலுக்கு வெளியே உள்ள தபாலாபீசில் எட்டுதான். லாபத்தை உத்தேசித்து முதலாளி எடுத்துக்கொண்ட சௌகரியத்தைச் சுதந்திர நாட்டின் பிரஜைக்கு மறுப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

கிழக்குக்குத் தனி நேரம் கொடுத்தால் தேசத்தின் ஒருமைப்பாடு குலையும் என்கிறார்கள். சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. 1906-இல் இந்தியப் பொது நேரம் பிறக்கும் முன், ரயில்வேக்கள் நம் மதராஸ் நேரத்தைக் கொண்டே ஓடின. பொது நேரம் வந்த பின்னும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் அனுசரித்தன. அதனால் எவருடைய தேசபக்தியும் குறைந்துவிடவில்லை. ஷில்லாங்குக்கு மேற்கே இருக்கும் டாக்காவின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தி ஓடுவதைக் காணும்போது, நம் பிடிவாதத்தின் விபரீதம் தெளிவாகப் புலப்படும்.

ரயில்கள் மோதிக்கொள்ளுமே என்ற ஆட்சேபணை கனமானது. அதற்கும் பரிகாரம் சொல்லப்பட்டிருக்கிறது. நாட்டின் நேரத்தைக் காத்துவரும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் ஒரு மணி நேரம் முந்திய இரண்டாவது நேரத்தை 2018-இல் பிரேரேபித்தார்கள். அசாமும் மேற்கு வங்கமும் சந்திக்கும் குறுகிய எல்லையில், நியூ கூச்பிஹார், அலிபூர்துவார் ஆகிய இரு நிலையங்களில் மட்டும் நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்றும், ஆண்டுக்கு 2 கோடி யூனிட் மின்சாரம் மிஞ்சும் என்றும் கணக்கிட்டார்கள். பல நேரங்களைக் கொண்ட அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் ரயில்கள் ஒழுங்காக ஓடத்தானே செய்கின்றன?

தேசம் முழுவதற்கும் அரை மணி கூட்டிவிடலாம் என்று சொல்வோரும் உளர். அப்படிச் செய்தால், ஜனவரியில் ஏழரை மணியளவில் விடியும் துவாரகைக்கு எட்டு மணிக்குத்தான் விடியும். கிழக்கின் குறையும் பாதிதான் தீரும். ஒருவர் இருட்டை மற்றவர் தலையில் சுமத்துவது பரிகாரமாகாது.

கௌஹாத்தி உயர் நீதிமன்றம் தனி நேரம் கோரிய வழக்கை 2017-இல் தள்ளுபடி செய்துவிட்டபடியால், முடிவெடுக்கும் பொறுப்பு பார்லிமெண்டைச் சார்ந்தது. கார்த்திகையில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் அந்தமானின் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நம் தமிழர்களும் கணிசமாக வாழ்கிறார்கள்; ஆகையால் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இதை அயலார் விவகாரமென்று ஒதுக்காமல், வடகிழக்கு உறுப்பினர்களோடு சேர்ந்து குரலெழுப்ப வேண்டும். சமத்துவம் என்பது எல்லோருக்கும் ஒரே மணியை அடிப்பதில் இல்லை. பகலின் பயனை எல்லோரும் சமமாகப் பெறச் செய்வதில்தான் இருக்கிறது.