20 ஓட்டில் பாதியான பள்ளி பட்ஜெட்: வரியைக் குறைக்கப் போய் விழித்துக்கொண்ட அமெரிக்க ஊர்!

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, விற்பனை வரியும் கிடையாது. அரசுப் பள்ளிகள் நடப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் கட்டும் சொத்து வரியில்தான். வரி ஏறினா கோபம் நேரா பள்ளிக்கூடத்து மேலதான் பாயும்!

2022 மார்ச்சில் அங்குள்ள குரோய்டன் என்ற சிற்றூரில் அதுதான் நடந்தது. ஊர்க்கூட்டத்துக்கு வந்ததே கொஞ்சம் பேர். 17 லட்சம் டாலர் பள்ளி பட்ஜெட்டை 8 லட்சமாக வெட்டும் தீர்மானம் 20-14 என நிறைவேறியது. பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் கட்டணத்தில் ஒரு பகுதி இனி பெற்றோர் தலையில் என்பது, கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அப்புறம்தான் உறைத்தது.

முடிவை மாற்ற, வாக்காளர்களில் பாதிப் பேராவது மறுகூட்டத்துக்கு வந்தாக வேண்டும். மே மாதம் ஊரே திரண்டது. பழைய பட்ஜெட்டுக்கு ஆதரவாக 377 ஓட்டு. எதிராக வெறும் 2.